செய்தவர் பெயர் இல்லாத வாக்கியம்

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ வாங்கித் தந்த தைலத்தைத் தேய்க்கிறாளா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாளா? மறக்காமல் எழுது.

இந்தக் கடிதம் ஒரு உதவி கேட்டு. எங்கள் குளிர்கிடங்கில் ஷிப்ட் இன்சார்ஜ் வேலை ஒன்று காலியாகப் போகிறது. இப்போது நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உறைந்த மீனும் பட்டாணியும் கோழியும் பெட்டி பெட்டியாக வருகின்றன. அவற்றைத் தூக்கி அடுக்குவதும் இறக்குவதும்தான் நாள் முழுக்க. இன்சார்ஜ் ஆகிவிட்டால் குளிர் அறைக்குள் அவ்வளவாகப் போக வேண்டாம். மூச்சு விட்டால் புகை வருகிற இடத்தில் இத்தனை வருஷம் நின்றாயிற்று, விரல் நுனியெல்லாம் மரத்துப் போய்விட்டது. ஆனால் அதற்கு ஒரு பரீட்சை உண்டு. ஷிப்டில் நடந்ததையெல்லாம் அன்றன்றைக்கு ஆங்கிலத்தில் எழுதி மேலிடத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். பேசிச் சமாளிக்க எனக்குத் தெரியும். எழுத வராது.

என் அறையில் மேல் கட்டிலில் படுக்கிறவர்தான் உன்னிடம் கேட்கச் சொன்னார். நம் ஊர்க்காரர். வாயில் எப்போதும் பாட்டு இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் பாட்டுக்காரர். நம் தெருவுக்கு அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் வீட்டுக்காரர். அவர் மகள் உன் வகுப்பில்தான் படிக்கிறாளாம். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித் தர்ற பொண்ணு, கூடப் பொறந்தவனுக்குச் சொல்லித் தராதா?" என்றார்.

கீழே மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறேன். திருத்தி அனுப்பு. ‘ஐ ஆம் டிரைவ் ஃபோர்க்லிஃப்ட்.’ ‘மை ஃப்ரெண்ட் சிங் எவ்ரிடே.’ ‘கோல்ட் இஸ் வெரி.’ கடைசி வாக்கியம் குளிர் ரொம்ப என்று சொல்வதற்காக.

சிரித்து முடித்துவிட்டுப் பதில் போடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சௌக்கியம் என்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். விரல் மரத்துப்போன வரியை மட்டும் அம்மாவிடம் படிக்கவில்லை. தைலம் அலமாரியில்தான் இருக்கிறது. உனக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

சிரித்தேன், அதிலும் கடைசி வாக்கியத்துக்கு. ‘வெரி’ என்று நிறுத்திவிட்டால் படிக்கிறவன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். ‘இட் இஸ் வெரி கோல்ட்’ என்று எழுது. யார் அந்த ‘இட்’ என்று கேட்காதே. தமிழில் ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுவாய் வெளியே வந்து நிற்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஒரு ‘இட்’டையாவது நிறுத்துவார்கள்.

முதல் வாக்கியத்தில் ‘ஆம்’ வேண்டாம். ‘ஐ டிரைவ்’ போதும். இரண்டாவதில் உன் நண்பர் ஒருவர்தானே, அதனால் ‘சிங்’ வாலில் ஒரு ‘ஸ்’ சேர்த்து ‘சிங்ஸ்’. பலபேர் பாடினால் அந்த வால் வேண்டாம். ஏன் இப்படித் தலைகீழாக என்று என் வகுப்பிலும் கேட்கிறார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கம், நாம் மாற்ற முடியாது என்பேன்.

பாட்டுக்காரர் மகள் ஒன்பதாம் வகுப்பு. அமைதியான பெண். பேச்சு கொஞ்சம், காது நிறைய. அவள் அப்பாவிடம் சொல், நன்றாகப் படிக்கிறாள்.

இத்துடன் பயிற்சித் தாள் வைத்திருக்கிறேன். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுது, மறுபக்கம் எனக்குச் சிவப்பு மைக்கு வேண்டும்.

உன் தங்கை


மார்ச் 8

அன்பு டீச்சரம்மாவுக்கு,

மாணவன் நலம். அம்மா நலமா, நீ நலமா? தாளில் இந்த முறை சிவப்பு குறைவாக இருந்தது. பாட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "முன்னாடி அடிபட்ட மாதிரி இருந்துச்சு, இப்ப கீறல் அளவுக்கு வந்துட்டே" என்றார்.

பரீட்சை விண்ணப்பத்தில் எங்கள் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குப் பலபேர் அவர் பின்னால் அலைந்தார்கள். "உனக்குத்தான் போடணும்னு இருந்தேன், என் பேரைக் காப்பாத்து" என்று சொல்லிப் போட்டார். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவரும் இவர்தான். உனக்கு எழுதியிருந்தேனே.

ஒரு சந்தேகம். அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ‘த டீ பிரேக் ஹாஸ் பீன் ஷார்ட்டன்ட்.’ டீக்கு விடும் நேரம் குறைந்துவிட்டது என்று புரிகிறது. ஆனால் குறைத்தது யார் என்று அதில் இல்லை. எழுவாய் கட்டாயம் வேண்டும் என்றாயே, இங்கே டீ நேரம்தான் எழுவாயா? அது எப்படித் தானாகக் குறையும்? பாட்டுக்காரரிடம் கேட்டேன். "குறைச்சவன் யாருன்னு தெரிஞ்சா போய்ச் சண்டை போடுவோம்ல, அதான் போடல" என்றார். இலக்கணத்தில் இதற்கு என்ன பெயர்?

உன் அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம், நானும் நலம். உன் கேள்வியைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. என் வகுப்பில் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை.

அதற்குச் செயப்பாட்டு வினை என்று பெயர். செய்தவரை விட்டுவிட்டு, செய்யப்பட்டதை முன்னால் நிறுத்துவது. யார் செய்தார் என்று சொல்ல வேண்டுமானால் கடைசியில் ‘பை’ போட்டு ஆளைச் சேர்க்கலாம். நம் ‘ஆல்’ போல. மேனேஜரால் குறைக்கப்பட்டது என்று. வேண்டாமென்றால் விட்டுவிடலாம், இலக்கணப்படி தப்பில்லை. பத்திரிகைச் செய்தி, அரசாங்க உத்தரவு எல்லாம் பெரும்பாலும் இந்த நடையில்தான் இருக்கும். படிக்கக் கண்ணியமாக இருக்கும். பரீட்சையில் இரண்டு வாக்கியமாவது இப்படி எழுது. திருத்துகிறவர் இவனுக்கு விஷயம் தெரியும் என்று நினைப்பார்.

சூப்பர்வைசருக்கு என் வணக்கத்தைச் சொல். பாட்டுக்காரரிடம், அவர் சொன்ன விளக்கம் என் புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக இருந்தது என்றும் சொல்.

உன் தங்கை


மே 20

தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்காரர் இறந்துபோனார். அவர் வீட்டுக்குத் தந்தி ஏற்கெனவே வந்திருக்கும். உடலும் வந்து, எல்லாம் முடிந்திருக்கும். நீ போயிருப்பாய்.

என்ன நடந்தது என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். பெட்டிகளை மேலே கொண்டுபோகும் சாமான் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. ஒரு பெட்டி சரிந்து சுவருக்கும் லிஃப்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. சூப்பர்வைசர் பாட்டுக்காரரைக் கூப்பிட்டு உள்ளே இறங்கி அதை எடுக்கச் சொன்னார். "மெயின் சுவிட்ச அணைச்சிடலாம் சார்" என்றார் இவர். "அணைச்சா மறுபடி கிளப்ப நேரமாகும், நேரமில்ல, இறங்கு" என்றார் அவர். இவர் இறங்கினார். பெட்டி விடுபட்டதும் லிஃப்ட் நகர்ந்துவிட்டது. நான் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அங்கே எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கண்ணால் பார்த்தவன் என்று என்னை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எழுதத் தெரியாவிட்டால் கம்பெனி ஆள் ஒருவர் கேட்டு எழுதுவாராம். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘சூப்பர்வைசர் டெல் ஹிம் கோ இன்சைட். ஹீ சே ஸ்விட்ச் ஆஃப். சூப்பர்வைசர் சே நோ டைம்.’ இப்படியே ஒரு பக்கம். பிழை இருக்கும். அதிகாரி முன்னால் சிரிப்பாகிவிடக் கூடாது. திருத்திச் சீக்கிரம் அனுப்பு.

மேல் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அண்ணன்


ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வரியைத்தான் அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. தனியாக அறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிராதே.

நான் போயிருந்தேன். தையல் அக்கா அழவில்லை, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். மகள்தான் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட் மார்னிங் டீச்சர்" என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

உன் வாக்குமூலத்தைத் திருத்தி, நல்ல தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. ஒரே பக்கத்தில் ‘சூப்பர்வைசர்’, ‘சூப்பர்வைசர்’ என்று வரிக்கு வரி வந்தது. படித்தால் யாரோ சண்டைக்கு நிற்பதுபோல இருந்தது. பிறகு ‘ஹீ’ என்று எழுதிய இடத்திலெல்லாம் அது சூப்பர்வைசரா பாட்டுக்காரரா என்று குழம்பியது. அதனால் நடையையே மாற்றிவிட்டேன். ‘ஹீ வாஸ் டோல்ட் டு கோ இன்சைட். த ஸ்விட்ச் வாஸ் நாட் டர்ன்ட் ஆஃப்.’ உள்ளே இறங்கும்படி சொல்லப்பட்டார், சுவிட்ச் அணைக்கப்படவில்லை. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார். நேரமில்லை, இறங்கு என்பதெல்லாம் பேச்சு வழக்கு, எழுத்தில் நன்றாக இராது என்று எடுத்துவிட்டேன். எங்கள் தலைமையாசிரியையிடம் காட்டினேன். அலுவலக ஆங்கிலம் என்றால் இதுதான் என்றார். நீ எழுதிய தாளில் சிவப்பு மை அதிகமாகிவிட்டதால் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒருமுறை நிதானமாகப் படி. நீ பார்த்ததற்கும் நான் எழுதியதற்கும் வித்தியாசம் இருந்தால் மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போடு.

உன் தங்கை


ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவின் உடம்புக்குப் புதிதாக ஒன்றும் இல்லையே?

நீ அனுப்பியதைப் பார்த்து என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அதிகாரி படித்துவிட்டு ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றார். கொடுக்கப் போனபோது சூப்பர்வைசர் தன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனார். வழியில் டீ வாங்கித் தந்தார். எழுதியதைக் காட்டச் சொல்லிப் படித்தார். மடித்துத் திருப்பித் தந்து, "நல்லா எழுதியிருக்கே" என்று தோளைத் தட்டினார்.

பரீட்சை ஜூலையில். மேல் கட்டிலுக்கு ஒரு புது ஆள் வந்திருக்கிறான். பேசவே மாட்டான். அறை அமைதியாக இருக்கிறது, படிக்க வசதி. ஆனாலும் தாளை எடுத்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடுவதில்லை.

இங்கே வெயில் அதிகம். உள்ளே குளிர், வெளியே வெயில். உடம்பு எதற்குப் பழகுவதென்று தெரியாமல் விழிக்கிறது.

அண்ணன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கார்டு கிடைத்தது. இன்சார்ஜ் ஆகிவிட்டாய். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது.

நேற்றுப் பள்ளி முடிந்ததும் தையல் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு உறை. தொழிலாளர் அலுவலகத்தின் தீர்ப்பு.

"பாப்பா படிச்சுச் சொன்னா டீச்சர். அவ ஏதோ தப்பாப் படிக்கிறான்னு நெனச்சேன். நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அவள் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் படிக்கவில்லை. உள்ளே இறங்கும்படி இறந்தவருக்கு உத்தரவிட்டவர் யார் என்பது சாட்சியத்தில் இல்லை. அப்படி உத்தரவிடவில்லை என்று சூப்பர்வைசர் கூறியிருக்கிறார். சுவிட்சை அணைக்கும் பொறுப்பு உள்ளே இறங்குபவருடையது. ஆகவே விபத்துக்கு இறந்தவரின் கவனக்குறைவே காரணம். இதுதான் அதில் இருந்தது.

தமிழில் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். "எங்க வீட்டுக்காரர் அப்படி அசட்டையான ஆள் இல்ல டீச்சர். நான் மெஷின்ல ஊசி மாத்தும்போதுகூட, ‘காலை எடு, மிதியில இருந்து காலை எடு’ன்னு உசுரை வாங்குவாரு. அவரா சுவிட்ச அணைக்காம இறங்கினாரு?" என்றார். கொஞ்சம் கழித்து, "உங்கண்ணன் பக்கத்துலதான் நின்னாருன்னு சொன்னாங்க. யாரு இறங்கச் சொன்னதுன்னு அவரு எழுதலையா?" என்று கேட்டார்.

எழுதியிருந்தார் அக்கா, நான்தான் எடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியது. வாய் வரைக்கும் வந்தது. "அண்ணனுக்கு எழுதிக் கேட்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மனிதரின் சாவைப் பரீட்சைத் தாள் மாதிரித் திருத்தினேன். செய்தவனை வாக்கியத்திலிருந்து தள்ளிவிட்டு, எவ்வளவு சுத்தம் என்று உன்னிடமே மெச்சிக்கொண்டேன். உன் தாளையாவது வைத்திருக்கலாம், அதையும் கிழித்தேன். இது என் தப்பு. ஆனால் சரிசெய்ய உன்னால்தான் முடியும். அக்டோபர் கடைசிவரை மேல்முறையீடு செய்யலாமாம். சூப்பர்வைசர்தான் இறங்கச் சொன்னார், சுவிட்சை அணைக்க வேண்டாம் என்றார் என்று இன்னொரு வாக்குமூலம் எழுதிக் கொடு. ஆங்கிலம் எப்படி இருந்தாலும் சரி. உடனே பதில் போடு.

உன் தங்கை


அக்டோபர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கடிதம் வராவிட்டால் அம்மா தபால்காரரிடம் சண்டை போடுகிறாள். முழங்கால் வலியோடு வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

இந்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்குச் செயப்பாட்டு வினை நடத்த வேண்டியிருந்தது. பாடத்திட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போட முடியாது. பூனை பாலைக் குடித்தது, பால் குடிக்கப்பட்டது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். தையல் அக்காவின் மகள் எழுந்து நின்றாள். அவள் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"டீச்சர், ‘பை’யும் அதுக்கப்புறம் வர்ற ஆளையும் விட்டுட்டா மார்க் குறைப்பாங்களா?"

"குறைக்க மாட்டாங்கம்மா."

"யாருன்னு தெரிஞ்சிருந்தாலும் விடலாமா டீச்சர்?"

"விடலாம்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவள் "சரி டீச்சர்" என்று உட்கார்ந்து, எழுதிக்கொண்டாள். அவளுக்கு உன் வாக்குமூலம் என் கையால் திருத்தப்பட்டது என்று தெரியாது. ‘திருத்தப்பட்டது.’ பார், இப்போதும் எப்படி எழுதுகிறேன். நான் திருத்தினேன்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன். தைத்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை என்று எழுதியிருந்தாய். அறிவிப்புத் தாளைப் பார்த்து, டீ நேரத்தைக் குறைத்தது யார் என்று கேட்டவன் நீ. என் தாளை உன் கையால் எழுதும்போது உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

இன்னும் நாள் இருக்கிறது. எழுது.

உன் தங்கை


நவம்பர் 18

தங்கைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவிடம் கடிதம் வந்தது என்று சொல். மற்றதை உனக்குச் சரியென்று பட்டால் சொல்.

நீ கேட்டதற்குப் பதில். தோன்றியது.

உன் இரண்டு கடிதமும் வந்த அன்றே வந்துவிட்டன. தபால் மேல் பழி போட மாட்டேன். எடுத்துப் படிப்பேன், திரும்ப வைப்பேன். அக்டோபர் முடியட்டும் என்றுதான் காத்திருந்தேனோ என்று என்னை நானே கேட்டால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

இந்த மாத முதலில் அதே லிஃப்ட் மறுபடி பாதியில் நின்றது. இன்சார்ஜ் நான். மேல் கட்டில் பையன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "இறங்கட்டுமா சார்?" என்றான். இறங்கு என்று நான் சொன்னால் இறங்கிவிடுவான். நானே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அணைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறாய்? கை தூக்குகிற நேரம்தான். மறுபடி கிளப்பவும் ஒன்றும் ஆகிவிடவில்லை. லாரிக்காரர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தொழிலாளர் அலுவலகம் போனேன். அதே அதிகாரி. நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு எழுதினேன். அப்போதே ஏன் எழுதவில்லை என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். "உன்னைப் பயமுறுத்தியது யார்? பெயரைச் சொல்" என்றார். யாரும் பயமுறுத்தவில்லை. டீ வாங்கித் தந்தார்கள். தோளில் தட்டினார்கள். நானாகத்தான் பயந்தேன். அதைச் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை உனக்கு எழுதத் தெரியவில்லை.

மேல்முறையீட்டு நாள் கடந்துவிட்டதால் தீர்ப்பை மாற்ற முடியாதாம். என் வாக்குமூலத்தைக் கோப்பில் சேர்த்திருக்கிறார். சேர்த்தேன் என்று பாட்டுக்காரர் மனைவிக்கு ஒரு கடிதம் அனுப்புவதாகச் சொன்னார். அதனால் அவர்களுக்கு இழப்பீடு எதுவும் கிடைத்துவிடாது. போய்விட்டவர் மேல் போட்ட பழியும் அந்தத் தீர்ப்பில் அப்படியேதான் இருக்கும். பக்கத்தில் என் தாளும் இருக்கும், யாராவது புரட்டிப் பார்த்தால்.

சூப்பர்வைசரை வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். போகும் முன் என்னிடம் வந்து, "உன்னை எங்க இருந்து எங்க கொண்டுவந்து வச்சேன்" என்றார். அது பொய் இல்லை. என்னைப் பழையபடி ஃபோர்க்லிஃப்டில் போட்டுவிட்டார்கள். சாப்பிடும் இடத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. மேல் கட்டில் பையன் மட்டும் வந்து உட்காருகிறான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லையே.

நீ உன்னை வருத்திக்கொள்ளாதே. நீ பார்க்காததை எழுதினாய். நான் பார்த்ததை விட்டேன். உன் தாள் வந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பொய் ஒன்றும் இல்லை, பிழை ஒன்றும் இல்லை, யார் பெயரும் இல்லை. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

புது வாக்குமூலத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவிடம் படித்துக் காட்டு.

அண்ணன்


டிசம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஃபோர்க்லிஃப்டுக்கே திரும்பிவிட்டாய் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். "குளிருமே" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் பல நாள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் தையல் அக்காவிடம் போனேன். தாமதம் செய்வது எவ்வளவு எளிது என்று எனக்கும் தெரிந்தது. உன்னைத் திட்ட நினைத்துச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதில் கரைந்துவிட்டது. வருத்தம் கரையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது. மகளும் இருந்தாள். நகலைப் படித்தேன். அக்கா முதலில் ஆங்கிலத்திலேயே படிக்கச் சொன்னார். பிறகு தமிழில் சொல்லச் சொன்னார். நேரமில்லை, இறங்கு என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மகள் அவர் முதுகில் கையை வைத்தாள்.

"சுவிட்ச அணைக்கலாம்னு சொல்லியிருக்காரு. சொல்லியிருக்காரு பாரு" என்று அவளிடம் சொன்னார். அதன்பின் என் பக்கம் திரும்பினார்.

"இத முன்னாடியே குடுத்திருந்தா தீர்ப்பு மாறியிருக்குமா டீச்சர்?"

"மாறியிருக்கும் அக்கா."

"உங்கண்ணனுக்கு அது தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டிக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒன்றையும் எடுக்காமல்.

"உங்கண்ணன் மேல கோவமான்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. நன்றின்னும் சொல்ல வரல. ஒரே அறையில படுத்தவரு. இவரு லெட்டர் போட்டா அதுல பாதி உங்கண்ணன் பேச்சாத்தான் இருக்கும். இங்கிலீஷ்ல எழுதினது ஆபீஸுக்கு. எங்களுக்கு அது வேண்டாம். லீவுல வரும்போது இங்க வரச் சொல்லுங்க. இந்த நாற்காலியில உக்காந்து, பாப்பா முகத்தைப் பாத்து, என்ன நடந்துச்சுன்னு தமிழ்ல அவர் வாயால சொல்லட்டும். அவங்கப்பா என்ன சொன்னாரு, அந்த ஆளு என்ன சொன்னான், உங்கண்ணன் என்ன செஞ்சாரு, எல்லாம்."

நான் கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்து, "எப்ப வருவாங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

எப்போது வருகிறாய்? வந்தால் நானும் உன்கூட அந்த வீட்டுக்கு வருவேன். ஆனால் அங்கே என்ன சொல்வது என்று எனக்கு முன்கூட்டி எழுதி அனுப்பாதே. நான் திருத்தித் தர மாட்டேன்.

உன் தங்கை